புதிய ஜனநாயகம் தன் ராணுவத்தை எப்படி வைத்துக்கொள்வது? நான்கு வழிகளும் என் ஓட்டும்

தக்கலைப் பக்கம் எங்கள் கிளை நூலகத்தில் வாசகர் வட்டம் நடக்கிறது. இந்த விடுமுறையில் பிளஸ் டூ முடித்தவர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு கற்பனை நாட்டுக்கு அரசியல் சட்டம் எழுதுகிறார்கள். பல வருஷ ராணுவ ஆட்சி முடிந்து, முதல் தேர்தல் நடந்து, புது அரசு பதவியேற்றிருக்கும் நாடு அது. தேர்தல் ஆணையம், நீதிமன்றம், மொழி, வரி எல்லாம் சண்டை சச்சரவோடு ஒருவழியாக முடிந்தன. ராணுவம் பற்றிய அத்தியாயத்தில் வந்து நின்றுவிட்டார்கள்.

மறுபடி ராணுவம் ஆட்சியைப் பிடிக்காமல் இருக்க என்ன செய்வது? நான்கு குழுக்கள், நான்கு யோசனைகள். கேட்பதைக் கொடுத்து ராணுவத்தைத் திருப்தியாக வைத்துக்கொள்வோம் என்கிறது முதல் குழு. ராணுவத்துக்குப் போட்டியாக இன்னொரு படையை வளர்ப்போம் என்கிறது இரண்டாவது. ராணுவமே வேண்டாம், கலைத்துவிடுவோம் என்கிறது மூன்றாவது. சட்டத்துக்குள் கட்டிவைப்போம், மீறினால் தண்டிப்போம் என்கிறது நான்காவது. வரும் ஞாயிற்றுக்கிழமை வாக்கெடுப்பு. பள்ளியில் வரலாறு நடத்தியவன் என்பதால், ஓட்டுப் போடும் முன் என் கருத்தை எழுதித் தரச் சொன்னார்கள்.

கவிழ்ப்பு எப்படி ஜெயிக்கிறது

வழிகளை ஒப்பிடும் முன் இதைப் பார்த்துவிட வேண்டும். 1950 முதல் 2010 வரை உலகம் முழுக்க நடந்த ஆட்சிக் கவிழ்ப்பு முயற்சிகளைப் பவல், தைன் என்ற இரு ஆய்வாளர்கள் தொகுத்தார்கள். மொத்தம் 457. வென்றவை 227, தோற்றவை 230. ஏறக்குறையப் பாதிக்குப் பாதி. தோற்றவர்களிடமும் துப்பாக்கி இருந்தது, பல இடங்களில் டாங்கியும் இருந்தது. ஆகவே ஆயுதம் மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை.

ஏழ்மை, பொருளாதார நெருக்கடி, முன்பு ஒருமுறை கவிழ்ப்பு நடந்த வரலாறு, இவையெல்லாம் ஆபத்தைக் கூட்டும். ஆனால் அரசியல் சட்டத்தில் ஒரு பிரிவு எழுதி ஏழ்மையை ஒழிக்க முடியாது. நம் கையில் இருப்பதைப் பற்றி மட்டும் பேசுவோம்.

எங்கள் வட்டத்துக்கு ஓய்வு பெற்ற சுபேதார் ஒருவர் வருவார். பிள்ளைகளுக்கு அவர் மிலிட்டரி மாமா. கலெக்டர் ஆபீசைப் பிடிக்கச் சொல்லி ஆர்டர் வந்தால் என்ன செய்வீர்கள் என்று ஒரு பெண் அவரிடம் நேராகவே கேட்டாள். அவர் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "நம்ம நாட்டுல அப்படி ஒண்ணு வந்ததில்ல மக்கா. வருமாயிருந்தா, முதல்ல யாருக்க ஆர்டருன்னு பாப்போம். அது செரியில்லன்னு தோணிச்சுன்னா, பக்கத்து கம்பெனி என்ன செய்யுதுன்னு பாப்போம். அவன் அனங்கல்லன்னா நாங்களும் அனங்க மாட்டோம்."

இந்த ஒரு பதிலில் பாதி விஷயம் அடங்கிவிட்டது. கவிழ்ப்பைத் தொடங்குபவர்கள் சிறு கூட்டம். அதை எதிர்த்து உயிரைக் கொடுக்கத் தயாராக இருப்பவர்களும் சிறு கூட்டம்தான். நடுவில் இருக்கும் பெரும்பாலான அதிகாரிகள், யார் ஜெயிப்பார்கள் என்று கணக்குப் போட்டுக்கொண்டு முகாமுக்குள் இருப்பார்கள். ராணுவத்துக்குள்ளேயே ஒருவரையொருவர் சுடும் நிலை வருவதைத்தான் அவர்கள் எல்லாவற்றையும் விட அதிகமாகப் பயப்படுகிறார்கள். 2023 ஜூலை 26-ஆம் தேதி நைஜரில் ஜனாதிபதி பசூமை அவருடைய காவல்படையே பிடித்து வைத்தது. மறுநாள் ராணுவத் தலைமை ஓர் அறிக்கை விட்டது. படைகளுக்குள் ரத்தம் சிந்துவதைத் தவிர்க்கக் கவிழ்த்தவர்களுடன் நிற்கிறோம் என்றது. கவிழ்ப்பு முடிந்தது அந்த அறிக்கையில்தான்.

மேல்மட்டத் தளபதிகள் செய்யும் கவிழ்ப்பு கேப்டன்கள் செய்வதை விட அதிகம் ஜெயிப்பதும் இதனால்தான். தளபதி ஒரு கூட்டம் கூட்டி, "எல்லாரும் என் பக்கம்" என்று சொன்னாலே போதும், மற்றவர்கள் நம்பிவிடுவார்கள். தாய்லாந்தில் 2014 மே 22-இல் தளபதி பிரயுத், அரசியல் கட்சிகளைச் சமரசப் பேச்சுக்கென்று அழைத்து, அந்தக் கூட்டத்திலேயே தலைவர்களைப் பிடித்துவைத்து ஆட்சியை எடுத்துக்கொண்டார். ரத்தம் சிந்தவில்லை.

ஆகவே எந்த வழியையும் நான் அளப்பது ஒரே கேள்வியால்: "இது நடக்காது, யாரும் கூட வரமாட்டார்கள்" என்ற எண்ணத்தை முகாமுக்குள் உட்கார்ந்திருக்கும் கர்னலின் மனதில் இந்த வழி விதைக்கிறதா?

கொடுத்துத் திருப்திப்படுத்துவது

முதல் குழுவின் வாதத்தில் நியாயம் இருக்கிறது. சிப்பாயின் சோற்றில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் மாவட்டக்காரரே சாட்சி. இரணியல் பக்கம் தலக்குளத்தில் பிறந்த வேலுத்தம்பி, திருவிதாங்கூர் தளவாயாக (முதன்மை அமைச்சராக) இருந்தபோது செலவைக் குறைக்க நாயர் படையினரின் படிகளில் கைவைத்தார். 1804-இல் படை கிளம்பிவிட்டது. தளவாய் தப்பி ஓடி, கொச்சியில் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பிரதிநிதியான (ரெசிடெண்ட்) மெக்காலேயிடம் போய் நிற்க வேண்டியதாயிற்று. கலகம் அடங்கியது, ஆனால் அதற்கு விலையாக 1805 உடன்படிக்கையில் திருவிதாங்கூர் கம்பெனியின் பிடிக்குள் இன்னும் ஆழமாகப் போனது. நான்கே வருஷத்தில் அதே வேலுத்தம்பி அந்தப் பிடியை எதிர்த்து ஆயுதம் எடுத்தார் என்பது பிள்ளைகளுக்குத் தெரிந்த கதை. முதல் பாதியை யாரும் அதிகம் சொல்வதில்லை.

கானாவில் 1969-இல் ராணுவம் ஆட்சியை மக்களிடம் திருப்பிக் கொடுத்தது. பிரதமர் புசியா பொருளாதார நெருக்கடியில் நாணய மதிப்பைக் குறைத்தார், ராணுவத்தின் சலுகைகளையும் வெட்டினார். 1972 ஜனவரி 13-இல் அவர் சிகிச்சைக்காக லண்டனில் இருந்தபோது கர்னல் அச்செம்பாங் ஆட்சியைப் பிடித்தார். எங்களிடம் இருந்த கொஞ்ச வசதியையும் பறித்துவிட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணங்களில் ஒன்று.

சரி, அப்படியென்றால் கேட்பதையெல்லாம் கொடுத்துவிடலாமா? மியான்மரைப் பாருங்கள். 2008 அரசியல் சட்டத்தை ராணுவமே எழுதிக்கொண்டது. நாடாளுமன்றத்தில் கால் பங்கு இடம் ராணுவத்துக்கு. சட்டத்தைத் திருத்த 75 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வேண்டும், அதாவது ராணுவம் சம்மதிக்காமல் ஒரு வரியும் மாறாது. பாதுகாப்பு, உள்துறை, எல்லை விவகாரம் மூன்றும் தளபதி கையில். இதற்கு மேல் ஒரு ராணுவத்துக்கு என்ன கொடுக்க முடியும்? 2020 நவம்பர் தேர்தலில் ஆங் சான் சூச்சியின் கட்சி பெரும் வெற்றி பெற்றது. 2021 பிப்ரவரி 1 விடியலில் அவரைக் கைது செய்துவிட்டார்கள்.

அர்ஜென்டினா இன்னும் நுணுக்கமான பாடம். 1983 டிசம்பரில் அல்போன்சின் ஜனாதிபதியானார். 1985-இல் பழைய ஜுண்டா (ராணுவ ஆட்சிக் குழு) தளபதிகளைச் சிவில் நீதிமன்றத்தில் நிறுத்தி, அவர்களில் ஒருவரான விதெலாவுக்கு ஆயுள் தண்டனை வாங்கிக் கொடுத்தார். வழக்குகள் நடுமட்ட அதிகாரிகள் வரை இறங்கியபோது, 1987 ஏப்ரலில் லெப்டினன்ட் கர்னல் ஆல்தோ ரிக்கோ தலைமையில் ஒரு கூட்டம் முகத்தில் கரி பூசிக்கொண்டு காம்போ தெ மாயோ முகாமில் கிளர்ந்தது. அடக்கப் போன படை வழியிலேயே தேங்கி நின்றது. மிலிட்டரி மாமா சொன்னதேதான், யாரும் அனங்கவில்லை. தலைநகரில் லட்சக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள். அல்போன்சின் முகாமுக்கே போய்ப் பேசி அவர்களைச் சரணடைய வைத்தார். ஆனால் ஜூனில், மேலதிகாரி சொல்படி செய்தவர்களுக்குத் தண்டனை இல்லை என்று சட்டம் வந்தது. அதோடு அடங்கியதா? 1988 ஜனவரியில் ஒரு கிளர்ச்சி, டிசம்பரில் இன்னொன்று, 1990 டிசம்பரில் நான்காவது.

சம்பளம், வீடு, ஓய்வூதியம், காயம்பட்டவனுக்கு மருத்துவம், இவற்றில் கஞ்சத்தனம் கூடாது. அது அவர்களுக்கு நாம் படும் கடன். அதிகாரத்தில் பங்கு கொடுப்பது வேறு. முதலாவதைக் கொடுத்தால் கர்னலுக்குக் குறை இராது. இரண்டாவதைக் கொடுத்தால், துப்பாக்கியைக் காட்டினால் கிடைக்கும் என்று அவரே கற்றுக்கொள்வார். முதல் குழு இரண்டையும் ஒரே பிரிவில் எழுதியிருக்கிறது. அதனால் அதற்கு என் ஓட்டு இல்லை.

போட்டிப் படை

இரண்டாவது குழு உதயகிரிக் கோட்டையிலிருந்து உதாரணம் எடுத்து வந்தது. 1741-இல் குளச்சலில் தோற்ற டச்சுக்காரர்களில் ஒருவரான டிலனாயை மார்த்தாண்ட வர்மா தன் படைக்கே பயிற்சியாளராக்கினார். உள்ளூர்ப் பிரபுக்களின் ஆட்களை நம்பாமல் தனக்கென்று ஒரு படையை உருவாக்கிக்கொண்டார். டிலனாய் கடைசி வரை விசுவாசமாக இருந்து இங்கேயே இறந்தார், கோட்டைக்குள் கல்லறையும் இருக்கிறது. அதுபோல நம் ஜனாதிபதிக்கும் தனிப்படை வைக்கலாமே என்பது குழுவின் வாதம்.

உதாரணம் நல்ல உதாரணம், இடம்தான் தவறு. டிலனாய் வேற்று நாட்டுக்காரர். அவருக்கு இங்கே ஊரும் இல்லை, உறவும் இல்லை, ராஜாவை விட்டால் வேறு போக்கிடமும் இல்லை. ராஜாவும் சாகும்வரை ராஜா. ஜனநாயகத்தில் ஐந்து வருஷத்தில் ஆள் மாறுவார். தலைவரின் தனிப்படை அடுத்த தலைவருக்கு யாருடைய படை?

புர்கினா பாசோவில் கொம்பாவோரே 27 வருஷம் ஆண்டு, 2014-இல் மக்கள் எழுச்சியில் ஓடினார். அவர் வளர்த்த ஜனாதிபதி காவல் ரெஜிமெண்ட் அப்படியே நின்றது. நல்ல ஆயுதம், நல்ல சம்பளம், மற்ற ராணுவத்தின் மேல் இளக்காரம். இடைக்கால அரசு அதைக் கலைப்பது பற்றிப் பேசியதும், 2015 செப்டம்பர் 16-இல் அமைச்சரவைக் கூட்டத்துக்குள் புகுந்து ஜனாதிபதியையும் பிரதமரையும் பிடித்தது. இது ஒரு வாரத்தில் தோற்றது. இளைஞர்கள் தெருக்களில் தடுப்புப் போட்டார்கள். வழக்கமான ராணுவம் பல முகாம்களிலிருந்து தலைநகரை நோக்கி வந்து, காவல்படையிடம் ஆயுதத்தைக் கீழே போடச் சொன்னது. அதே காவல்படை ஏற்பாடு நைஜரில் 2023-இல் ஜெயித்துவிட்டது. இரண்டு நாட்டிலும் ஆபத்து வந்தது ஜனாதிபதியின் வாசலில் நின்ற படையிடமிருந்து.

போட்டிப் படை வழக்கமான ராணுவத்தின் மனதையும் புண்படுத்தும். கானாவில் ஜனாதிபதி இன்குருமா தனக்கென்று தனிக் காவல் ரெஜிமெண்ட் வளர்த்தது அதிகாரிகளின் கோபங்களில் ஒன்றாக இருந்தது. 1966 பிப்ரவரி 24-இல் அவர் வெளிநாட்டுப் பயணத்தில் இருந்தபோது ஆட்சி போனது. (அதற்குள் கானா ஒரு கட்சி நாடாகியிருந்தது. அவரை ஜனநாயகவாதிகள் பட்டியலில் சேர்ப்பது கஷ்டம்.)

இதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு தந்திரம், நம்ம ஆளைத் தளபதியாக்குவது. இரண்டாவது குழு இதையும் ஒரு உட்பிரிவாகச் சேர்த்திருக்கிறது. பாகிஸ்தானில் பூட்டோ 1976-இல் பல மூத்தவர்களைத் தாண்டி ஜியாவைத் தேர்ந்தார், 1977-இல் ஜியா கவிழ்த்தார். நவாஸ் ஷெரீப் 1998-இல் முஷாரப்பைத் தேர்ந்தார், 1999 அக்டோபரில் முஷாரப் கவிழ்த்தார். சிலியில் அயெந்தே 1973 ஆகஸ்டில் பினோசெட்டை நியமித்தார், அடுத்த மாதமே போனார். எகிப்தில் மோர்சி 2012 ஆகஸ்டில் சிசியை நியமித்தார், 2013 ஜூலை 3-இல் சிசியே அவரை இறக்கினார். இத்தனைக்கும் பிறகு இந்த உட்பிரிவை யாராவது ஆதரிப்பார்கள் என்று நான் நினைக்கவில்லை.

ஆனால் இந்த வழிக்குள் எடுத்து வைத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. ஒரே ராணுவத்திலிருந்து பிரிந்த இந்தியாவும் பாகிஸ்தானும் இரண்டு பாதையில் போயின. இந்தியாவில் முப்படைக்கும் மேலே ஒரே தளபதி என்ற பிரிட்டிஷ் காலத்து ஏற்பாட்டை எடுத்துவிட்டார்கள். தரை, கடல், வான் மூன்றுக்கும் சமமாக மூன்று தலைவர்களை வைத்தார்கள், மேலே பாதுகாப்பு அமைச்சர். 1955-இல் தலைமைத் தளபதி என்ற பதவிப் பெயரே போனது. பிரிட்டிஷ் தலைமைத் தளபதி குடியிருந்த தீன்மூர்த்தி மாளிகைக்கு நேரு குடிபோனார். டெல்லியில் இருந்த ஒவ்வொரு அதிகாரிக்கும் அந்த வீட்டு மாற்றத்தின் பொருள் புரிந்திருக்கும். மத்திய ஆயுதப் போலீஸ் படைகளும் உள்துறையின் கீழ் வளர்ந்தன. அதிகாரம் பிரிந்து கிடக்கிறது, ஆனால் யாருடைய சொந்தப் படையும் இல்லை. இரண்டாவது குழுவிடமிருந்து நான் எடுப்பது இதை மட்டும்.

ராணுவமே வேண்டாம்

மனசுக்குப் பிடித்த வழி. கோஸ்டாரிகாவில் உள்நாட்டுப் போரில் ஜெயித்த பிகேரெஸ், 1948 டிசம்பர் 1-இல் தலைநகர முகாமின் சுவரில் சம்மட்டியால் அடித்து ராணுவத்தைக் கலைத்தார். 1949 அரசியல் சட்டத்தின் 12-ஆம் பிரிவில் அதை எழுதியும் வைத்தார்கள். அந்த முகாம் இன்று தேசிய அருங்காட்சியகம். கலைத்த நாலே மாதத்தில் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் கர்தோனாவே முகாம்களைப் பிடித்துக் கவிழ்க்கப் பார்த்தார், தோற்றார். ராணுவம் இல்லாவிட்டாலும் ஆசை இருக்கும்.

எங்கள் கற்பனை நாட்டுக்கு மூன்று பக்கம் அண்டை நாடுகள், ஒரு எல்லையில் தகராறு. போர் ஜெயித்த கையோடு பழைய ராணுவத்தைக் கலைக்கும் வாய்ப்பும் அதற்கு இல்லை. தோற்காத ஒரு ராணுவத்திடம் போய் "நீங்கள் கலைந்துவிடுங்கள்" என்று சொல்வதுதான் கவிழ்ப்புக்கு நேரான அழைப்பு. இந்தக் குழுவின் பிள்ளைகள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு, ஓட்டு இல்லை.

சட்டமும் தண்டனையும்

ஸ்பெயினின் கதையைக் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். சர்வாதிகாரி பிராங்கோ 1975-இல் இறந்தார். 1977-இல் தேர்தல், 1978 டிசம்பரில் புது அரசியல் சட்டம். அதற்கு முந்தைய மாதமே மாட்ரிட்டில் ஒரு காபிக் கடையில் சில அதிகாரிகள் கூடி, அமைச்சரவையைப் பிடிக்கத் திட்டம் போட்டு மாட்டிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் சிவில் கார்ட் என்ற ஆயுதப் போலீஸ் படையின் லெப்டினன்ட் கர்னல் அந்தோனியோ தெஹேரோ. அவருக்குக் கிடைத்தது ஏழு மாதச் சிறை. வேலை போகவில்லை.

1981 பிப்ரவரி 23 மாலை, புதுப் பிரதமருக்கான வாக்கெடுப்பு நடந்துகொண்டிருந்த அவைக்குள் அதே தெஹேரோ கையில் துப்பாக்கியுடன், சுமார் 200 பேரோடு நுழைந்தார். கூரையை நோக்கிச் சுட்டார்கள். உறுப்பினர்கள் இருக்கைகளுக்குக் கீழே படுத்தார்கள். துணைப் பிரதமர் குத்தியெரெஸ் மெயாதோ, 68 வயது, தானே ஒரு ஜெனரல், எழுந்து போய் அவர்களுக்கு ஆர்டர் போட்டார். அவரைத் தள்ளினார்கள், அவர் அசையவில்லை. பதவி விலகும் பிரதமர் சுவாரெசும் கம்யூனிஸ்ட் தலைவர் கரியோவும் இருக்கையை விட்டு இறங்கவில்லை. வலென்சியாவில் இன்னொரு தளபதி டாங்கிகளைத் தெருவில் இறக்கியிருந்தார். மற்ற மண்டலத் தளபதிகள் காத்திருந்தார்கள்.

அந்த இரவு மன்னர் ஹுவான் கார்லோஸ் மண்டலத் தளபதிகளைத் தொலைபேசியில் அழைத்து, இதில் எனக்குப் பங்கில்லை, முகாமை விட்டு வெளியே வரக் கூடாது என்றார். நள்ளிரவு தாண்டி ஒன்றே கால் மணி வாக்கில் தளபதிச் சீருடையில் தொலைக்காட்சியில் தோன்றி அதையே நாட்டுக்குச் சொன்னார். காத்திருந்த எல்லாருக்கும் ஒரே நேரத்தில் ஒரே பதில் கிடைத்துவிட்டது. மறுநாள் மதியம் தெஹேரோ சரணடைந்தார். இந்த முறை 30 வருஷத் தண்டனை. அடுத்த ஆண்டே சோஷலிஸ்டுகள் தேர்தலில் ஜெயித்து ஆட்சிக்கு வந்தார்கள், ராணுவம் அதைத் தடுக்கவில்லை.

1978 சதிக்கு ஒழுங்கான தண்டனை கொடுத்து வேலையை விட்டு அனுப்பியிருந்தால் 1981-இல் அவர் கையில் அந்த 200 பேர் இருந்திருக்க மாட்டார்கள். பிலிப்பைன்ஸிலும் இதே தவறு நடந்தது. ஜனாதிபதி கொராசோன் அக்கினோவைக் கவிழ்க்க 1986 முதல் 1989 வரை திரும்பத் திரும்ப முயன்றார்கள். முக்கியச் சதிகாரர்களில் ஒருவரான ஹொனாசான் பின்னால் செனட்டரே ஆனார். தென்கொரியா வேறு மாதிரி செய்தது. 1993-இல் ஜனாதிபதியான கிம் யங்-சாம், பதவியேற்ற சில நாட்களிலேயே, ராணுவத்துக்குள் ஹனஹோ என்ற ரகசிய அதிகாரிகள் சங்கத்தைச் சேர்ந்தவர்களை முக்கியப் பதவிகளிலிருந்து கழற்றத் தொடங்கினார். 1996-இல் 1979 கவிழ்ப்புக்காக இரண்டு முன்னாள் ஜனாதிபதிகள் கூண்டில் நின்று தண்டனை பெற்றார்கள். மறு ஆண்டு மன்னிப்புக் கிடைத்தது உண்மைதான், ஆனால் ஜெயித்த கவிழ்ப்புக்கும் ஒரு நாள் கணக்குக் கேட்பார்கள் என்று ஒரு தலைமுறை அதிகாரிகள் கண்ணால் பார்த்துவிட்டார்கள்.

நான்காவது குழுவின் வரைவில் இரண்டு ஓட்டைகள் இருக்கின்றன. கவிழ்ப்புச் சதிக்கான குற்றப் பிரிவை "பின்னர் நாடாளுமன்றம் இயற்றும்" என்று விட்டிருக்கிறார்கள். இலங்கையில் 1962 ஜனவரியில் போலீஸ், ராணுவ அதிகாரிகள் சிலர் பிரதமர் சிறிமாவோ அரசைக் கவிழ்க்கத் திட்டமிட்டார்கள். ஒரு போலீஸ் அதிகாரி கடைசி நேரத்தில் மனைவி வீட்டாரிடம் சொல்ல, அது பிரதமர் வரை போய்ச் சதி நின்றது. அதற்கு அப்புறம் அரசு, பழைய தேதியிலிருந்து செல்லும்படி ஒரு தனிச் சட்டம் போட்டு 24 பேர் மேல் வழக்கு நடத்தியது. 11 பேருக்குத் தண்டனை. 1965-இல், அன்று இலங்கைக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் அந்தச் சட்டமே செல்லாது என்று அத்தனை பேரையும் விடுவித்தது. ஆகவே குற்றம், தண்டனை, விசாரிக்கும் நீதிமன்றம் மூன்றையும் முதல் நாளே எழுதிவிடுங்கள்.

இரண்டாவது, தண்டனைக்கு எல்லை இல்லை. துருக்கியில் 2016 ஜூலை 15 கவிழ்ப்பு முயற்சி தோற்றது. மக்கள் டாங்கிகளுக்கு முன்னால் நின்று உயிர் கொடுத்தார்கள். அதன் பிறகு இரண்டு வருஷ அவசர நிலையில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்கள் வேலை இழந்தார்கள். ஆசிரியர்கள், நீதிபதிகள் உட்பட. கவிழ்ப்பை முறியடித்தவரே ஜனநாயகத்தைச் சுருக்கிவிட முடியும். அவசர நிலைக்குக் காலக்கெடு வேண்டும், வேலை நீக்கத்துக்கு எதிராக நீதிமன்றத்துக்குப் போகும் உரிமை வேண்டும்.

எதிர்க்கட்சியின் பங்கு

வரைவில் யாரும் எழுதாத விஷயம் இது. 1987-இல் அல்போன்சின் மாளிகை மாடத்தில் நின்று மக்களிடம் பேசியபோது, எதிர்க்கட்சியான பெரோனியர்களின் முக்கியத் தலைவர்களில் ஒருவரான கபியெரோ பக்கத்தில் நின்றார். முகாமில் இருந்த ரிக்கோவுக்கு அந்தக் காட்சி சொன்னது என்ன? இவரைக் கவிழ்த்தாலும் உனக்கு ஆட்சி நடத்த ஆள் கிடைக்காது என்பதுதான். எகிப்தில் 2013-இல் நடந்தது நேர் எதிர். மோர்சி மேல் கோபம் கொண்ட கட்சிகள் ராணுவத்தின் தலையீட்டை வரவேற்றன. தாய்லாந்திலும் ஒரு தரப்பு ராணுவத்தைத் தன் கடைசித் துருப்பாகவே வைத்திருக்கிறது. 1932-க்குப் பிறகு அங்கே 12 கவிழ்ப்புகள் ஜெயித்திருக்கின்றன.

நமக்குப் பக்கத்துக் கடலிலேயே ஒரு நிகழ்ச்சி. நம் தூத்தூர்க்காரர்கள் ஆழ்கடல் மீன்பிடிக்கப் போகும் திசையில் இருக்கும் மாலத்தீவில், 2008-இல் முதல் பல கட்சி ஜனாதிபதி தேர்தல் நடந்தது. நஷீத் ஜெயித்தார். ஒரு நீதிபதியை ராணுவத்தைக் கொண்டு கைது செய்ய வைத்தார், அது பெரிய தவறு. எதிர்க்கட்சிகள் வாரக்கணக்கில் தெருவில் நின்றன. 2012 பிப்ரவரி 7-இல் போலீசில் ஒரு பகுதி கலகம் செய்து கூட்டத்துடன் சேர்ந்தது, ராணுவத்திலிருந்தும் சிலர் சேர்ந்தார்கள். ராணுவத் தலைமையகத்துக்குள் இருந்த நஷீத் அன்றே பதவி விலகினார். துப்பாக்கி முனையில் விலகச் சொன்னார்கள் என்றார் அவர். விசாரணை ஆணையம் அது கவிழ்ப்பு இல்லை என்றது. எப்படிச் சொன்னாலும், ஆட்சியிலிருந்தவரும் எதிரே நின்றவர்களும் தங்கள் சண்டைக்குச் சீருடைக்காரர்களை நடுவராக்கினார்கள்.

இதைத் தடுக்க என்னால் முடிந்த யோசனை, கட்சிப் பதிவுக்கான நிபந்தனையில் ஒரு வரி சேர்ப்பது: ராணுவத் தலையீட்டைக் கோரும், அதில் பதவி ஏற்கும் கட்சி தன் பதிவை இழக்கும். இது மட்டும் போதாது என்று தெரியும். ஆனால் எழுதி வைத்தால், மீறுபவர் கொஞ்சம் தயங்குவார்.

என் ஓட்டு

நான்காவது வழிக்கு. முதல் குழுவிடமிருந்து சம்பளம், ஓய்வூதியத்துக்கான உத்தரவாதத்தை எடுத்துச் சேர்க்க வேண்டும். இரண்டாவதிலிருந்து சம அதிகாரமுள்ள மூன்று தலைவர்களை எடுத்துக்கொண்டு தனிப்படையை விட்டுவிட வேண்டும். தளபதி நியமனம் மூப்புப் பட்டியலில் முதல் மூவருக்குள், குறித்த பதவிக்காலத்தோடு.

இன்னும் ஒரு பிரிவு பாக்கி. கவிழ்ப்பை ஜனாதிபதியே செய்தால்? 2024 டிசம்பர் 3 இரவு பத்தரை மணி வாக்கில் தென்கொரிய ஜனாதிபதி யூன் ராணுவச் சட்டம் அறிவித்தார். நாடாளுமன்றத்துக்குள் ஹெலிகாப்டரில் படை இறங்கியது. உறுப்பினர்கள் வேலியேறிக் குதித்து உள்ளே போனார்கள், சபாநாயகரும் அப்படித்தான் போனார். அலுவலக ஊழியர்கள் நாற்காலி மேசைகளைக் கதவுக்கு முட்டுக்கொடுத்தார்கள், தீயணைக்கும் கருவியைப் படைவீரர்கள் மேல் பீய்ச்சினார்கள். படைவீரர்களும் மூர்க்கம் காட்டவில்லை. ஒரு மணி வாக்கில் வாக்கெடுப்பு. 300 பேர் அவையில் வந்து சேர்ந்த 190 பேரும் ரத்து செய்யச் சொல்லி ஓட்டளித்தார்கள். விடியும் முன் ராணுவச் சட்டம் விலக்கப்பட்டது. 2025 ஏப்ரல் 4-இல் அரசியல் சட்ட நீதிமன்றம் யூனைப் பதவியிலிருந்து நீக்கியது.

அங்கே அந்த ஓட்டுக்கு மொத்த உறுப்பினரில் பாதிக்கு மேல், அதாவது 151 பேர், நேரில் வந்து ஆதரித்து ஓட்டளிக்க வேண்டும். கதவை இன்னும் கொஞ்சம் கடுமையாக அடைத்திருந்தால் அத்தனை பேர் உள்ளே போயிருக்க முடியாது. இப்படி ரத்து செய்வதற்கான எங்கள் வரைவின் 41-ஆம் பிரிவிலும் இப்போது மொத்த உறுப்பினரில் பாதி என்றே இருக்கிறது. அதை வந்திருப்பவர்களில் பாதி என்று மாற்ற வேண்டும், கட்டடத்துக்குள் போக முடியாவிட்டால் சபாநாயகர் குறிப்பிடும் எந்த இடத்திலும் அவை கூடலாம் என்றும் சேர்க்க வேண்டும். குறைந்தபட்சம் எத்தனை பேர் என்பதில் பிள்ளைகளுக்கும் மிலிட்டரி மாமாவுக்கும் கருத்து வேறுபாடு இருக்கிறது. அவர் மூன்றில் ஒரு பங்கு என்கிறார், பிள்ளைகள் ஐந்தில் ஒரு பங்கு போதும் என்கிறார்கள். நான் மாமா பக்கம். சின்னக் கூட்டம் ஒன்று எங்கோ கூடி "நாங்கள்தான் நாடாளுமன்றம்" என்று சொல்ல இடம் கொடுத்தால், முகாமில் காத்திருக்கும் கர்னலுக்கு இரண்டு நாடாளுமன்றம் தெரியும்.